எதிரில் வருகிறவன் கண்

ஜனவரி எட்டாம் தேதி, புதன்கிழமை, மாலை ஐந்து இருபதுக்கு ஞானசேகரம் பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்தார். எதிரே வந்து கடந்துபோன ஸ்கூட்டரின் சிவப்பு விளக்கு ஒருமுறை ஆடியது. பிறகு தெரியவில்லை.

ஃபிகராட்ஸி ஊரைத் தாண்டியதும் சாலை ஓர் எலுமிச்சைத் தோட்டத்து மதிலை ஒட்டி வளையும். மதிலில் இரண்டு வாசல்கள் உண்டு. ஏதாவது ஒன்றுக்குள் திரும்பியிருப்பான் என்று நினைத்தார். விடிய நாலரைக்கு எழும்பியவர். பிக்கப்பின் பெட்டியில் பதினெட்டு சாக்குப் பழைய மண் இருந்தது. நகரத்தில் லிபெர்த்தா பகுதியில் ஒரு வீட்டு மொட்டைமாடித் தொட்டிகளிலிருந்து அள்ளி மூன்று மாடி படியால் இறக்கிய மண். அந்தக் கட்டடத்தில் லிஃப்டை மண்ணுக்குத் தர மாட்டார்கள். பகேரியாவில் செடிப்பண்ணையின் கேட்டை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். வலது கால் பிரேக்கின் மேல் வந்தது. மிதிக்காமல் திரும்பிப் போனது.

சாக்குகளை இறக்கி முடித்தபோது முழு இருட்டு. ஒரேத்தோவில் இருக்கும் வீட்டுக்கு நெடுஞ்சாலையால் வந்தார். அது சுற்று வழி.

அவருடைய மனைவி நாகபூசணி வாரத்தில் ஐந்து இரவு வீட்டில் இருப்பதில்லை. லிபெர்த்தாவில் தொண்ணூறு வயது இத்தாலிய மூதாட்டி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறாள்; சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவாள். படுக்கையும் அங்கேதான். சிஞ்ஞோரா கண் விழிப்பதற்கு முன் பல்கணியில் நின்று கணவருக்குப் போன் எடுப்பாள். இருவரும் ஒருநாளில் பேசிக்கொள்வது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடம்தான்.

"எழும்பிட்டியளோ?"

"ஓம். தேத்தண்ணி குடிக்கிறன்."

"ராமென் விழுந்துபோனாராம்."

"எங்கை?"

"ஃபிகராட்ஸியிலை. நேற்றுப் பின்னேரம். ஸ்கூட்டரோடை. தோள் எலும்பு முறிஞ்சு போச்சாம். மரியேல் இப்பதான் மெசேஜ் போட்டவ."

ஞானசேகரம் கோப்பையை மேசையில் வைத்தார்.

"எத்தினை மணிக்காம்?"

"மணி என்னத்துக்கு உங்களுக்கு? வேலை முடிஞ்சு வரேக்கை. ஐஞ்சு, ஐஞ்சரை இருக்கும். முன்னாலை வந்த வாகனம் கண்ணுக்குள்ளை லைட்டை அடிச்சிட்டுப் போட்டுதாம். நிக்கவும் இல்லையாம். மனுசன் அரை மணித்தியாலம் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ளை கிடந்தவராம்."

"என்ன வாகனமாம்?"

"பெரிசாம். வெள்ளை லைட்டாம். கண் தெரியாமல் வேறை என்னத்தைப் பாக்கிறது? கேக்குதோ?"

"கேக்குது."

"ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாக்கவேணும். வெறுங்கையோடை போகேலாது. நான் வந்து இடியப்பம் அவிக்கிறன்."

ராமென் மொரீசியஸ்காரர். ஆறு வருடமாக அடுத்த தெருவில் இருக்கிறார். பெயர் தமிழ், சாமி தமிழ், மொழி மட்டும் கோயில் பாட்டோடு நின்றுவிட்டது. அவரும் ஞானசேகரமும் இத்தாலிய மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். பகேரியாவில் ஒரு பழைய வில்லாவைப் பார்த்துக்கொள்வது ராமெனின் வேலை. நாகபூசணிக்கு சிஞ்ஞோரா வீட்டு வேலையைப் பிடித்துக் கொடுத்தவள் அவருடைய மனைவி மரியேல். செடிப்பண்ணைக்கு ஆள் தேவை, சொந்த வாகனம் இருக்க வேண்டும் என்று ஞானசேகரத்திடம் வந்து சொன்னவர் ராமென்.

அன்றைக்கு ஞானசேகரம் நான்கு வீடுகளுக்குச் செடி கொண்டுபோனார். இரண்டு வீடுகளில் மாறிக் கொடுத்தார்.

எதிரே வருகிறவர்கள் அவருக்கு விளக்கை அடித்துக் காட்டுவது டிசம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. பழைய விளக்குகளின் கண்ணாடி மஞ்சளாகி மங்கிப்போயிருந்தது. லண்டனில் இருக்கும் அண்ணன், கழித்துவிட்ட ஒரு பிக்கப்பிலிருந்து இரண்டு விளக்குகளைக் கழற்றி, இங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்தவரிடம் கொடுத்துவிட்டார். அதே மாடல். அளவு கச்சிதமாக இருந்தது, வெளிச்சம் பால் போல இருந்தது. நல்ல விளக்கு, அதனால் மற்றவர்களுக்குக் கூசுகிறது என்று அவர் நினைத்தார். அதோடு டிசம்பரில் பாரமும் அதிகம். வெறும் வாகனமாக நிற்கும்போது பிக்கப்பின் பின்பக்கம் உயர்ந்து மூக்கு தாழ்ந்திருக்கும். மண் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி மூக்கு எழும். மூக்கோடு விளக்கும் எழும்.

எவ்வளவு எழுந்தது? அவருக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அதிகம் எழவில்லை என்றால், ராமெனைத் தள்ளியது வேறு வாகனம். அந்தச் சாலையில் அந்த நேரத்தில் ஐம்பது வாகனம் போகும்.

ஞாயிறு காலை நிதுசனிடம் போனார். நிதுசன் நாகபூசணியின் தம்பி. ஒரேத்தோவில் ஓர் இத்தாலியரின் கராஜில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாவி அவனிடம் இருக்கும்.

"என்னத்தான், பெட்டிக்குள்ளை மண்?" என்றான் நிதுசன். "லீவு நாளிலையும் கட்டிக்கொண்டு திரியிறியள்."

"அதே பாரம் வேணும். லைட் எவ்வளவு எழும்புதெண்டு பாக்க."

"எதின்ரை அதே பாரம்?"

"எப்பவும் ஏத்திற பாரம்."

நிதுசன் பிக்கப்பைச் சுற்றி வந்தான். டயரைக் காலால் தட்டினான்.

"மண் இல்லாட்டி உங்கடை வாகனம் தண்ணி குடிக்கிற மாடு மாதிரி நிக்கும். மண் ஏத்தினா குந்தியிருக்கிற நாய். நான் எத்தினை தரம் சொல்லிப்போட்டன். முன்னுக்கு நாலு விரல் உயத்தி விடுறன். மட்டமா நிக்கும், பாக்கவும் வடிவு."

"வடிவை நான் என்ன செய்யிறது? வெறுமையா நிக்கேக்கைதான் மட்டம். மண் ஏத்தினா லைட் வானத்தைப் பாக்கும்."

"அப்ப பின்னுக்கும் ஒரு ஸ்பிரிங் பிளேட் கூடப் போடுவம். பாரம் ஏத்தினாலும் அமுங்காது."

"வெறுமையா ஓடேக்கை தூக்கித் தூக்கி அடிக்கும். இந்த முதுகிலை எனக்கு இருக்கிறது ஒரு நாரி."

"அதையும் கழட்டித் தாங்கோ, பிளேட் வைச்சு விடுறன்."

ஞானசேகரம் சிரிக்கவில்லை. "லைட்டைப் பார்," என்றார்.

பிக்கப்பை முற்றத்தில் நிறுத்தி, பத்து எட்டுத் தூரத்தில் இருந்த கராஜின் இரும்புச் சுருள்கதவை இறக்கினார்கள். நிதுசன் கதவில், வெளிச்சம் நிற்க வேண்டிய உயரத்தில், சோக்குக் கட்டியால் ஒரு கோடு இழுத்தான். விளக்கைப் போட்டார்கள். பகல். கதவின் மடிப்புகளில் வெளிச்சம் மங்கல் பட்டையாக விழுந்தது. நிதுசன் குந்தியிருந்து கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தான்.

"ஒரு விரல். மிஞ்சினா ஒண்டரை."

"என்ன?"

"இருக்கவேண்டியதிலும் ஒரு விரல்தான் உயரம். உதாலை ஒருத்தற்றை கண்ணும் போகாது."

"வடிவாப் பாத்தனியோ?"

"அத்தான், இது என்ரை தொழில்."

அங்கே பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஞானசேகரம் அதன்மேல் போய் உட்கார்ந்தார். புதன்கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

நாகபூசணி இடியப்பப் பெட்டியோடு வந்தாள். சிஞ்ஞோராவின் மகள் ஞாயிறு மத்தியானம் வந்து இரவு வரை இருப்பாள். அந்த நேரம்தான் நாகபூசணிக்கு லீவு.

"ரெண்டு பேரும் கதவுக்கு லைட் அடிச்சுக் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறியளோ?"

"அக்கா, நீ சொல்லு," என்றான் நிதுசன். "மட்டம் செய்யிறதோ விடுறதோ? அத்தானுக்கு ஒரு முடிவும் இல்லை."

"மட்டமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். கொம்பனி செய்து விட்டமாதிரி இருக்கட்டும். மாதக் கடைசிக்குள்ளை ரெவிசியோனே செய்யவேணும். உயத்தி வைச்சா, இது ஆர் உயத்தினதெண்டு கேப்பாங்கள். நீயோ போய்ப் பதில் சொல்லுவாய்?"

ரெவிசியோனே என்பது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வாகனத்தைச் சோதித்துத் தரும் தாள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் பண்ணைக்காரர் இந்த வருடத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். வாகனம் இல்லையென்றால் ஆள் வேண்டாம் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

"நாலு விரலுக்கு ஆர் கேக்கப் போறான்?"

"உனக்கு நாலு விரல். இவருக்கு வேலை."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சஸ்பென்ஷனைத் தொடுவதில்லை. விளக்கை மட்டும் இறக்குவது. நிதுசன் பானெட்டைத் திறந்து ஒவ்வொரு விளக்கின் திருகாணியையும் இரண்டு சுற்றுச் சுற்றினான். வெளிச்சம் சோக்குக் கோட்டுக்குக் கீழே வந்தது.

பின்னேரம் ராமென் வீட்டுக்குப் போனார்கள். ராமென் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்தார். வலது கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கன்னத்தில் தார்ச்சாலை தேய்த்த காயம். மரியேல் இடியப்பத்தை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். நாகபூசணியும் கூடப் போனாள்.

"வில்லாக்காரி மாதக் கடைசிவரை பார்ப்பாளாம்," என்றார் ராமென். "அதற்குப் பிறகு வேறு ஆள். மருத்துவர் எட்டு வாரம் என்கிறார்."

"எட்டு வாரமா?"

"எந்த வாகனம் என்று தெரிந்தால் அதன் இன்சூரன்ஸ் கொடுக்கும். தெரியாவிட்டால் இல்லை. நான் யோசித்துப் பார்த்தேன் ஞானா. அது மீன்கடைக்காரனின் மகன். அந்த ஜீப்பைப் பார்த்திருக்கிறாய்தானே, ஏணி வைத்து ஏற வேண்டும்போல உயர்த்தி வைத்திருக்கிறான். அந்தச் சாலையில் வேறு யாரிடம் அப்படி வெளிச்சம்?"

ஒரு விரல், என்று ஞானசேகரம் நினைத்தார். ஒரு விரலில் யாரும் விழ மாட்டார்கள்.

"அவனாக இருக்கலாம்," என்றார்.

ராமென் தலையைத் தலையணையில் மெல்லத் திருப்பினார். "நீயும் அப்படி நினைக்கிறாய் இல்லையா," என்றார்.

திங்கள் பின்னேரம் பதினைந்து சாக்கு. விளக்கு தாழ்ந்திருந்ததால் மூக்குக்கு முன்னால் இருபது எட்டுத் தூரம்தான் சாலை தெரிந்தது. மெல்லப் போனார். வில்லபாத்தேயைத் தாண்டும்போது எதிரே வந்த பஸ் விளக்கை அடித்தது. பிறகு ஒரு கார். பிறகு இன்னொன்று. ஃபிகராட்ஸி சிக்னலில் எதிர்வரிசையில் நின்ற காரின் கண்ணாடி இறங்கியது. ஒரு பெண், கையைக் கண்ணுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு சொன்னாள்: "கீழே இறக்கு, ஒன்றும் தெரியவில்லை."

"இறக்கிவிட்டேன் சிஞ்ஞோரா."

"எங்கே இறக்கினாய்?"

பச்சை விழுந்தது.

பண்ணையில் தண்ணீர்ப் பம்பு வைத்திருக்கும் சிறு கட்டடத்துக்கு அந்த வாரம்தான் வெள்ளை அடித்திருந்தார்கள். ஞானசேகரம் பிக்கப்பை அதற்கு நேரே நிறுத்தினார். இறங்கப் போனவர் இறங்கவில்லை. சுவரில் வெளிச்சத்தின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல விழுந்திருந்தது. வலப்பாதி மட்டமாக இருந்தது. நடுவிலிருந்து இடப்பக்கம் போகப் போக மேலே ஏறியது.

அது அவருக்குப் பழக்கமான வடிவம். அதனால்தான் இத்தனை நாளும் கண்ணில் படவில்லை. கிளிநொச்சியில் லொறி ஓட்டிய பதினொரு வருடமும் வெளிச்சம் இடப்பக்கம்தான் ஏறியது. அங்கே சாலையின் இடது ஓரத்தால் போக வேண்டும். நடந்து போகிறவர்கள், சைக்கிள்காரர்கள், மாடு எல்லாம் அந்த ஓரத்தில்தான். அவர்களைப் பார்க்கத்தான் அந்த ஏற்றம். லண்டனிலும் அப்படியே.

இங்கே ஓரம் வலப்பக்கம். இடப்பக்கத்தில் எதிரே வருகிறவன்.

இறங்கிப் போய்ச் சுவரின் முன் இடப்பக்கத்தில் நின்று பார்த்தார். ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் தலை எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று முழங்காலை மடித்தார். வெளிச்சம் நேராகக் கண்ணுக்குள் வந்தது. திருகாணியை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வரும். வாகனத்தை மட்டம் செய்திருந்தாலும் வந்திருக்கும்.

பண்ணைக் காவலாளி டார்ச்சோடு வந்தான். "என்ன, கும்பிடுகிறாயா?" என்று கேட்டான். "கேட்டைப் பூட்ட வேண்டும்."

நிதுசனுக்குப் போன் எடுத்துச் சுவரில் பார்த்ததைச் சொன்னார்.

"ஓம் அத்தான். லண்டன் லைட். இடப்பக்க ஊர் லைட்." பிறகு, "ஒருக்காலும் யோசிக்கேல்லை. இஞ்சை கடையிலை வாங்கிற லைட் எல்லாம் இஞ்சத்தை ரோட்டுக்குத்தானே வரும். பெரியத்தான் அனுப்பினதெண்ட சந்தோசத்திலை பூட்டிப்போட்டன். ஒரு லண்டன்காரன் பாத்தா நல்லா இருக்கெண்டு சொல்லுவான்."

"இனி என்ன செய்யிறது?"

"பழைய லைட் கிடக்கு, எறியேல்லை. தேச்சு மினுக்கிப் பூட்டுறன். புதன்கிழமை கொண்டு வாங்கோ. வியாழன் ரெவிசியோனேக்கு விடுவம். பாசாகும்."

"நிதுசன்."

"ம்."

"ராமென் விழுந்த நேரம் அந்த வளைவிலை நான் போனனான்."

மறுமுனையில் யாரோ இரும்பைப் போட்ட சத்தம் கேட்டது. நிதுசன் வெளியே நடந்து போவது தெரிந்தது.

"ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப அப்பிடியே விடுங்கோ. லைட் லண்டன் லைட்டெண்டு தெரிஞ்சா இன்சூரன்ஸ் ராமெனுக்குக் குடுத்திட்டு உங்களைப் பிடிக்கும். வாகனத்தின்ரை தாளையும் பறிப்பாங்கள். பேந்து எந்தப் பண்ணை? கேக்கிறியளோ? புதன்கிழமை லைட் மாறும். அதோடை விசயம் சரி."

புதன்கிழமை விளக்கு மாறியது. வியாழக்கிழமை சோதனை நிலையத்தில் பிக்கப்பின் முன் ஒரு கருவியை உருட்டிக்கொண்டு வந்து வைத்தார்கள். அங்கே வேலை செய்தவர் அதற்குள் குனிந்து பார்த்தார். இரண்டு விளக்குக்கும் சேர்த்து ஒரு நிமிடம். "சரி" என்றார். பிரேக், புகை, டயர் எல்லாம் சரி. தாள் கிடைத்தது. வெள்ளிக்கிழமை பண்ணைக்காரர் அதை வாங்கிப் பார்த்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். "இன்னும் ஒரு வருடம் உன்னைச் சகிக்க வேண்டும்," என்று முதுகில் தட்டினார். அன்றைக்குத் திரும்பிவரும்போது ஒருவரும் ஞானசேகரத்துக்கு விளக்கை அடிக்கவில்லை. மஞ்சள் வெளிச்சம் வலப்பக்கத்து ஓரத்தில் விழுந்து ஓடியது. எலுமிச்சைத் தோட்டத்து வளைவில் சாலையோரக் கானைப் பார்த்தார். முழங்கால் ஆழம் இருக்கும். உள்ளே தண்ணீர் போத்தல்களும் இலைகளும் கிடந்தன.

சனிக்கிழமை காலை போனில் நாகபூசணியிடம் சொன்னார். விளக்கைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் சொன்னார். கண்ணாடியில் பார்த்ததைச் சொல்லவில்லை.

பல்கணிக்குக் கீழே குப்பை லொறி போகும் சத்தம் வந்தது.

"மரியேல் எடுத்துத் தந்த வேலையிலை நிண்டுகொண்டு இதைக் கேக்கிறன்," என்றாள்.

"ஓம்."

"உங்களுக்குத் தெரியாமல் நடந்ததுதானே?"

அவர் பதில் சொல்லத் தொடங்கினார். உள்ளேயிருந்து சிஞ்ஞோராவின் மணி அடித்தது.

"எழும்பிட்டா. சொல்லாதேங்கோ எண்டும் நான் சொல்லமாட்டன். சொல்லுங்கோ எண்டும் சொல்லமாட்டன். எனக்குக் களைப்பாக் கிடக்கு அப்பா. நான் வைக்கிறன்."

ஞாயிறு அவர் தனியாகப் போனார். ஒரு பை தோடம்பழம் வாங்கிக்கொண்டார். மரியேல் கதவைத் திறந்தாள். ராமென் இப்போது கதிரையில் உட்கார்ந்திருந்தார். காயம் பொருக்குக் கட்டியிருந்தது. மேசையில் ஒரு தாள், அதன்மேல் ஒரு பேனா.

"நல்ல நேரத்தில் வந்தாய்," என்றார் ராமென். "இவளே உன்னைக் கூப்பிட இருந்தாள். வக்கீல் ஒருவரைப் பிடித்திருக்கிறோம். மீன்கடைக்காரனின் மகன் மேல் எழுதிக் கொடுக்கலாமாம். ஆனால் என் வாய் மட்டும் போதாது. பார்த்த ஒருவர் வேண்டும்."

ஞானசேகரம் தோடம்பழப் பையைத் தரையில் வைத்தார்.

"நீ அந்த நேரத்தில் அந்தப் பாதையால் போகிறவன். அவனுடைய ஜீப்பை உனக்குத் தெரியும். அன்றைக்கு அது அங்கே போனதைப் பார்த்தேன் என்று ஒரு வரி சொன்னால் போதும். நீயே போன வாரம் சொன்னாய்தானே, அவனாக இருக்கலாம் என்று."

"சொன்னேன்."

"அவனுடைய அப்பனுக்குப் பணம் இருக்கிறது. அவனுக்கு இது ஒன்றுமில்லை. எனக்கு எட்டு வாரம்."

"ராமென்."

"பயப்படாதே. வக்கீல் உன் பக்கத்திலேயே இருப்பார்."

"அது அவன் இல்லை," என்றார் ஞானசேகரம். "நான்."

மரியேல் குசினி வாசலில் நின்றாள். கையில் காப்பிப் பாத்திரம்.

அவர் சொன்னார். லண்டனிலிருந்து வந்த விளக்கைச் சொன்னார். வெள்ளைச் சுவரைச் சொன்னார். வெளிச்சம் எந்தப் பக்கம் ஏறும், எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று மேசைமேல் இரண்டு கையாலும் காட்டினார். இத்தாலிய மொழியில் சில சொற்கள் வரவில்லை. திருகாணிக்குச் சொல் வரவில்லை. விரலால் சுற்றிக் காட்டினார். முதலில் பாரம் என்று நினைத்தது, மட்டம் செய்வதா என்று யோசித்தது, ஒரு விரல் என்று நிதுசன் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அது ஒரு விளக்கைப் பற்றிய கதையாகிக்கொண்டு போனது. அது அவருக்கே தெரிந்தது.

ராமென் கடைசிவரை கேட்டார்.

"அப்படியானால் உனக்குத் தெரியாது," என்றார். "விளக்கு பிழை என்று உனக்கு அன்றைக்குத் தெரியாது."

"விளக்கைத் தெரியாது."

"பிறகு?"

"உன் சிவப்பு விளக்கு ஆடியதைப் பார்த்தேன். பிறகு இல்லாமல் போனதையும் பார்த்தேன்."

ராமென் நல்ல கையால் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் நிற்கவில்லை?"

"களைப்பாக இருந்தது."

சொன்ன பிறகு அது எவ்வளவு சிறியதாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்தது. வேறு ஒன்றும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். இல்லை.

"நானும்தான் களைப்பாக இருந்தேன்," என்றார் ராமென். "அந்தக் களைப்பிலேயே கானுக்குள் கிடந்தேன். எழும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருக்கலாம் என்று இருந்தது." அவர் சிரிக்கப் பார்த்தார். பொருக்கு இழுத்ததில் முகம் கோணியது.

மரியேல் பாத்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கோப்பைகளை எடுக்கவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்து, எழுதியிருந்த இரண்டு வரியையும் ஒருமுறை வாசித்தாள். மீன்கடைக்காரனின் மகன் பெயரை ஒரு கோட்டால் அடித்தாள். பிறகு பேனாவை ஞானசேகரத்தின் பக்கம் தள்ளிவைத்தாள்.

"வியாழக்கிழமை பத்து மணிக்கு வக்கீலிடம்," என்றாள். "இப்போது எங்களிடம் சொன்னதை அங்கேயும் சொல்வாயா?"